பூத்ததெல்லாம் ஏன் காய்ப்பதில்லை?

புதிதாக வீட்டுத் தோட்டம் போட்டவர்கள் எல்லாரும் ஒருநாள் இந்தக் கேள்விக்கு வந்து சேருவார்கள்: "கொடி நிறையப் பூக்குது, ஆனா ஒரு காய்கூட நிக்கலையே, ஏன்?" சுரைக்கொடி பந்தல் முழுக்கப் படர்ந்திருக்கும். சாயங்காலமானால் வெள்ளை வெளேரென்று பூக்கும். காலையில் போய்ப் பார்த்தால் எல்லாம் வாடித் தொங்கும், பாதி தரையில் கிடக்கும். உரக்கடையில் சொன்னால் ஒரு டானிக் பாட்டிலை எடுத்து நீட்டுவார்கள். அதைத் தெளித்துப் பத்து நாளில் காய் பிடித்தால் பேர் டானிக்குக்குப் போகும். அந்தப் பத்து நாளில் கொடிக்கும் வயது கூடியிருக்கிறது என்பது யார் கணக்கிலும் வராது.

கொடிக்காய்களில் பெரும்பாலான பூக்கள் காய்ப்பதற்காகப் பூப்பதே இல்லை. எந்தப் பூ காய்க்கும், எது காய்க்காது, காய்க்க வேண்டிய பூ எந்த நேரத்தில் விரியும், அப்போது அதைத் தேடி யார் வருவார்கள் என்று தெரிந்துகொண்டால் கொடித் தோட்டத்தில் பாதிக் கவலை போய்விடும். மீதிப் பாதி பழ ஈ. அதற்கும் வருவோம்.

ஆண் பூ, பெண் பூ

சுரை, பீர்க்கு, புடல், பாகல், பரங்கி, வெண்பூசணி, வெள்ளரி, தர்பூசணி எல்லாம் ஒரே குடும்பத்துச் செடிகள். கத்தரியிலோ வெண்டையிலோ ஒரே பூவுக்குள் மகரந்தமும் இருக்கும், சூலகமும் இருக்கும். பூத்தால் அநேகமாகக் காய்த்துவிடும். இந்தக் குடும்பத்தில் அப்படி இல்லை. கொடி ஒன்றுதான், ஆனால் அதில் ஆண் பூ தனி, பெண் பூ தனி. ஆண் பூவின் வேலை மகரந்தம் கொடுப்பது. கொடுத்து முடித்ததும் உதிர்ந்துவிடும். அது கொட்டுவதைப் பார்த்து வருத்தப்படத் தேவையில்லை.

இரண்டையும் பிரித்துப் பார்ப்பது சுலபம். பூவுக்குக் கீழே பாருங்கள். ஆண் பூ மெலிந்த காம்பின் மேல் நேரடியாக இருக்கும். பெண் பூவுக்கும் காம்புக்கும் நடுவில் குட்டியாக ஒரு பிஞ்சு இருக்கும். சுரையில் அந்தப் பிஞ்சு சுண்டுவிரல் நுனி அளவுதான், ஆனால் முழுச் சுரைக்காயின் வடிவம் அதிலேயே தெரியும். மேலே மெல்லிய வெள்ளை ரோமம் படர்ந்திருக்கும். பாகல் பிஞ்சை உற்றுப் பார்த்தால் அந்த அளவிலேயே மேடும் பள்ளமும் வந்திருக்கும். புடலில் நீளமாக, மெலிதாக, பூவின் கனத்தில் தொங்கும். பூ விரிவதற்கு முன்பே, மொட்டாக இருக்கும்போதே இந்த வித்தியாசம் தெரிந்துவிடும். இது தோட்டக்காரருக்குப் பெரிய வசதி. நாளைக்கு எந்தப் பெண் பூ விரியப் போகிறது என்று இன்றைக்கே குறித்து வைத்துக்கொள்ளலாம்.

பூவுக்குள்ளும் அடையாளம் உண்டு. ஆண் பூவின் நடுவில் மஞ்சள் பொடி இருக்கும், தொட்டால் விரலில் அப்பிக்கொள்ளும். பெண் பூவின் நடுவில் மூன்றாகப் பிரிந்த, கொஞ்சம் பிசுபிசுப்பான சூல்முடி இருக்கும். பீர்க்கிலும் புடலிலும் ஆண் மொட்டுகள் நீளமான ஒரே தண்டில் கொத்தாக வந்து, முறை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக விரியும். பெண் பூ இலைக்கணுவில் ஒற்றையாக வரும்.

முதலில் வருவது எப்போதும் ஆண் பூதான். விதைத்து நாற்பது, நாற்பத்தைந்து நாளில் சுரை பூக்கத் தொடங்கினால், முதல் ஒரு வாரமோ பத்து நாளோ ஆண் பூக்கள் மட்டுமே வரலாம். இந்த நாட்களில்தான் ஆட்கள் பதறிப்போய் உரக்கடைக்கு ஓடுகிறார்கள். அதற்குப் பிறகும் ஒரு பெண் பூவுக்குப் பல ஆண் பூக்கள் என்பதுதான் இயற்கையான கணக்கு.

அந்தக் கணக்கு எப்போதும் ஒரே மாதிரி இருப்பதில்லை. பகல் நீண்டு வெயில் கொளுத்தினால் ஆண் பூ கூடும். பகல் சுருங்கிக் குளிர்ச்சி வந்தால் பெண் பூ கூடும். ஆடிப்பட்டத்தில் விதைத்தது புரட்டாசியில் பூக்க ஆரம்பிக்கும். வெயில் தணிந்துகொண்டிருக்கும் அந்த நேரம் கொடிகளுக்குப் பிடித்தமானது. தைப்பட்டத்தில் விதைத்தால் கத்திரி வெயில் தொடங்கும் முன் ஒரு நல்ல காய்ப்பை எடுத்துவிடலாம். சித்திரையில் விதைத்துவிட்டுக் காய்க்கவில்லை என்று கொடியைத் திட்டுவது நியாயமில்லை.

இன்னொரு காரணம் தழைச்சத்து. யூரியாவையும் கடலைப் புண்ணாக்குக் கரைசலையும் வாரா வாரம் ஊற்றினால் இலை உள்ளங்கையை விடப் பெரிதாக, கரும்பச்சையாக, பார்க்கப் பிரமாதமாக வளரும். பெண் பூ மட்டும் வராது. பூக்கத் தொடங்கிய பிறகு கொடிக்கு வேண்டியது மிதமான எருவும், கையளவு மரச்சாம்பலும், காயாத ஈரமும்தான். பெரிய அளவில் பயிரிடுகிறவர்கள் எத்ரல் என்ற வளர்ச்சி ஊக்கியை இளம் கொடியில் தெளித்துப் பெண் பூக்களைக் கூட்டுவார்கள். அது வேளாண் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கும் முறைதான். வீட்டில் நாலு கொடி வைத்திருப்பவர்களுக்கு அது தேவையில்லை என்பது என் கட்சி.

ஆண் பூவை முழுக்க வீண் என்றும் நினைத்துவிட வேண்டாம். மார்கழியில் வாசல் கோலத்தின் நடுவே சாண உருண்டையில் செருகும் பரங்கிப் பூ இருக்கிறதே, கொடி வைத்திருக்கும் வீடுகளில் அதற்குப் பறிப்பது பிஞ்சில்லாத பூவைத்தான். கோலத்துக்குப் பூவும் ஆச்சு, காயும் போகவில்லை. ஒன்றிரண்டு ஆண் பூவையாவது கொடியிலேயே விட்டுவைத்தால் சரி.

விரல் நீட்டினால் அழுகுமா?

"பிஞ்சை விரலை நீட்டிக் காட்டாதே, அழுகிப்போயிடும்" என்று பாட்டி அதட்டாத வீடு குறைவு. பூசணிக்கும் சுரைக்கும் கண் பட்டுவிடும் என்ற நம்பிக்கை நம் ஊர்களில் வலுவானது. பிஞ்சாக இருக்கும்போது கண் பட்டு விழுந்துவிடும் என்று பயப்படுகிற அதே பூசணியைத்தான், முற்றியதும் கண்ணும் மூக்கும் மீசையும் வரைந்து, வீட்டுக்குக் கண் படாமல் இருக்க வாசலில் கட்டித் தொங்கவிடுகிறோம்!

இந்த நம்பிக்கைக்குப் பின்னால் ஒரு நிஜமான கவனிப்பு இருக்கிறது. காட்டிய பிஞ்சு பெரும்பாலும் விழத்தான் செய்யும். காட்டாத பிஞ்சும் விழும். பெண் பூவில் பிஞ்சு ஏற்கெனவே இருக்கிறது என்று பார்த்தோம் இல்லையா? அது காயின் தொடக்கம் மட்டுமே. மகரந்தம் சேராவிட்டால் கொடி அதை வளர்ப்பதில்லை. பூ வாடிய இரண்டு மூன்று நாளில் பிஞ்சு நுனியிலிருந்து மஞ்சளாகி, சுருங்கி, காம்போடு கழன்று விழும். "நேத்து பக்கத்து வீட்டுக்காரங்க பார்த்துட்டுப் போனாங்க, இன்னைக்கு விழுந்திருச்சு" என்பதில் பக்கத்து வீட்டுக்காரர்மேல் ஒரு தப்பும் இல்லை. அந்தப் பூ விரிந்த நாளில் தேனீ வரவில்லை, அவ்வளவுதான்.

இந்தக் குடும்பத்தின் மகரந்தம் ஈரப்பசையும் கனமும் உள்ளது. காற்றில் பறந்து போய்ச் சேராது. யாராவது எடுத்துக்கொண்டு போக வேண்டும். அதுவும் ஒன்றிரண்டு துகள் போதாது. காய்க்குள் வரும் ஒவ்வொரு விதைக்கும் ஒரு மகரந்தத் துகள் வேண்டும். ஒரு சுரைக்காயில் நூற்றுக்கணக்கில் விதை இருக்கும். ஆகவே ஒரு தேனீ ஒரு தடவை வந்து உட்கார்ந்து எழுந்து போனால் வேலை அரைகுறையாகத்தான் நடக்கும். ஒரு பக்கம் பருத்து ஒரு பக்கம் சூம்பிப் போன வெள்ளரிக்காயைப் பார்த்திருப்பீர்கள். குறுக்கே வெட்டிப் பாருங்கள். பருத்த பக்கத்தில் விதை திரண்டிருக்கும், சூம்பிய பக்கத்தில் விதை வெறும் தோலாக இருக்கும்.

எந்தப் பூ எத்தனை மணிக்கு

ஒரு பெண் பூவுக்குக் கிடைப்பது ஒரே ஒரு நாள். சிலவற்றுக்கு ஒரே ஒரு இரவு. மறுநாள் அந்தப் பூவை என்ன செய்தாலும் பயனில்லை. கொடிக்குக் கொடி இந்த நேரம் மாறும் என்பதுதான் எனக்கு இந்தக் குடும்பத்திலேயே மிகவும் பிடித்த விஷயம்.

பரங்கி விடியும் முன்பே விரியத் தொடங்கும், பத்து மணி வெயிலுக்குச் சுருண்டுவிடும். பாகல், வெள்ளரி, வெண்பூசணி எல்லாம் காலைப் பூக்கள். தேனீக்கள் வேலைக்குக் கிளம்பும் நேரமும் அதுவே என்பதால் இவை காய்ப்பதில் பெரிய சிக்கல் வருவதில்லை. சுரை நேர் எதிர். நாலு மணிக்கு மேல் மொட்டு நெகிழ ஆரம்பிக்கும், இருட்டும் நேரத்தில் முழுதாக விரிந்திருக்கும். புடல் இன்னும் தாமதம். விளக்கு வைத்த பிறகு போய்ப் பார்த்தால்தான் அதன் அழகு தெரியும்: ஐந்து வெள்ளை இதழ்களின் ஓரமும் நூல் நூலாகப் பிரிந்து, கையால் பின்னிய பின்னல் வேலை போல இருக்கும். காலை எழுந்து பார்க்கிறவர்களுக்குக் கிடைப்பது சுருண்ட நூல் உண்டை மட்டும்.

இருட்டில் விரியும் பூக்கள் வெள்ளையாக இருப்பதற்குக் காரணம், அவற்றைத் தேடி வருவது அந்துப்பூச்சிகள். அரை வெளிச்சத்தில் வெள்ளைதான் கண்ணுக்குத் தெரியும். நீண்ட உறிஞ்சுகுழல் கொண்ட பெரிய அந்துப்பூச்சி ஒன்று பூவில் உட்காராமலே, அதன் முன்னால் அந்தரத்தில் நின்றபடி தேன் குடிப்பதைப் பந்தலடியில் கொஞ்ச நேரம் பொறுமையாக நின்றால் பார்க்கலாம். பீர்க்கு மட்டும் இந்த ஒழுங்கில் அடங்காது. பளிச்சென்ற மஞ்சள் நிறம், ஆனால் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் விரிந்து இரவெல்லாம் திறந்திருக்கும். காதலனைப் பிரிந்தவளின் நெற்றியில் படரும் பசலைக்குச் சங்கப் புலவர்கள் இந்தப் பூவைத்தான் உவமை சொன்னார்கள். அந்தி மங்கும் நேரத்தில் ஒரு பீர்க்கம்பந்தலைப் பார்த்தால் அந்த வெளிறிய மஞ்சள் எது என்று புரிந்துவிடும். அதே பீர்க்கின் உறவான நுரைப்பீர்க்கு விடியற்காலையில் பூக்கும். பக்கத்தில் பக்கத்தில் இரண்டையும் வைத்தால் ஒன்று கடையை மூடும்போது இன்னொன்று திறக்கும்.

எங்கள் தெருவில் மாடித்தோட்டம் வைத்திருக்கும் ஒரு பெண் கேட்டார்: "அண்ணே, ஒரே மண்ணு, ஒரே எரு. பாகல் காய்ச்சுத் தள்ளுது, சுரையில ஒண்ணுகூட இல்லையே?"

"பாகல் காலையில பூக்குதும்மா, அப்ப தேனீ வருது. சுரை ராத்திரியில பூக்குது. ராத்திரி ஏழு மணிக்கு உங்க மூணாவது மாடிக்கு யாரு வர்றா?"

"யாரும் வர மாட்டாங்க."

"அப்ப நீங்கதான் போகணும்."

கையால் சேர்ப்பது

பயப்படும்படி ஒன்றும் இல்லை. சுரைக்கு ஆறரை, ஏழு மணி வாக்கில் செல்போன் டார்ச்சை எடுத்துக்கொண்டு போங்கள். அன்று விரிந்த பெண் பூ எது என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு அன்று விரிந்த ஆண் பூ ஒன்றைக் காம்போடு பறித்து, இதழ்களை மெதுவாகப் பின்னால் மடித்தோ கிள்ளியோ விடுங்கள். நடுவில் இருக்கும் மஞ்சள் தண்டு மட்டும் மிஞ்சும். அதைப் பெண் பூவின் சூல்முடிமேல் மூன்று பிரிவிலும் படும்படி மெல்லத் தடவினால் போதும். அழுத்தித் தேய்க்க வேண்டாம், சூல்முடி நசுங்கிவிடும். வெளிச்சத்தில் பார்த்தால் சூல்முடியில் மஞ்சள் பொடி ஒட்டியிருப்பது தெரிய வேண்டும். ஒரு பெண் பூவுக்கு இரண்டு ஆண் பூ செலவழித்தால் காய் இன்னும் ஒழுங்காக வரும். பாகல் போன்ற சின்னப் பூவுக்கு மெல்லிய பெயின்ட் பிரஷ் வசதி.

தடவிய பூவின் காம்பில் தளர்வாக ஒரு நூலைக் கட்டி வையுங்கள். மூன்றாம் நாள் பார்த்தால், மகரந்தம் சேர்ந்திருந்தால் பிஞ்சு நிறம் மாறாமல் பளபளவென்று பருத்திருக்கும், காம்பு தடித்திருக்கும், சிலவற்றில் பிஞ்சு தலை கவிழ்ந்து தொங்கத் தொடங்கியிருக்கும். மழை பெய்த இரவில் மகரந்தம் நனைந்து கட்டியாகிவிடும், அப்போது எதுவும் வேலைக்காகாது. மழை வரும் போல இருந்தால் விரியப் போகும் ஆண் மொட்டு இரண்டைச் சாயங்காலமே பறித்துத் தண்ணீர் டம்ளரில் போட்டு வீட்டுக்குள் வைத்துவிடலாம். உள்ளேயே விரிந்துவிடும்.

குழியும் பந்தலும்

இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நீளம், அகலம், ஆழம் ஒவ்வொன்றும் ஒரு அடியாகக் குழி எடுத்து, மேல்மண்ணோடு பத்துக் கிலோ மக்கிய தொழு உரம் கலந்து நிரப்பி, ஐந்து விதை ஊன்றி, பதினைந்து நாள் கழித்து நல்லதாக இரண்டை மட்டும் விட்டுவிட்டு மற்றதைக் கிள்ளிவிட வேண்டும். இங்கே மனசு இளகக் கூடாது. ஐந்தையும் விட்டால் ஐந்தும் உருப்படாது. பாகல் விதையின் தோல் தடிப்பு என்பதால் ஓர் இரவு ஊறவைத்து ஊன்றலாம். கொடிக்காய்களுக்கு வேரைத் தொட்டால் பிடிக்காது. நாற்றுவிட்டுப் பிடுங்கி நடுவதைவிட நேரடியாக ஊன்றுவதே நல்லது. மாடியில் வைப்பவர்கள் சின்னத் தொட்டியை மறந்துவிட்டு இருபது லிட்டர் பெயின்ட் வாளியிலிருந்து தொடங்குங்கள். சுரைக்கு அதுவும் பற்றாது.

பந்தல் ஆறரை அடி உயரம் இருந்தால் கீழே நிமிர்ந்து நின்று காய் பறிக்கலாம். கொடி பந்தலைத் தொடும் வரை பக்கக் கிளைகளைக் கிள்ளிவிட்டு ஒற்றைத் தண்டாக ஏற்றுங்கள். ஏறியதும் நுனியைக் கிள்ளுங்கள். அப்போதுதான் பக்கக் கிளைகள் நாலா பக்கமும் பிரியும். சுரையில் தாய்த்தண்டில் வருவது பெரும்பாலும் ஆண் பூ. பக்கக் கிளைகளிலும் அவற்றின் கிளைகளிலும்தான் பெண் பூ அதிகம். மாடித்தோட்டக்காரர்கள் '3ஜி கட்டிங்' என்று சொல்லிக்கொள்வது இதைத்தான். புடல் நெட்டையாக நேராக வர வேண்டுமானால் பிஞ்சின் நுனியில் சின்னக் கல்லைக் கட்டித் தொங்கவிடும் பழைய வழக்கம் இன்றைக்கும் வேலை செய்கிறது. கோவையில் வெளியான கோ 2 மாதிரி குட்டைப் புடல் போட்டால் கல்லுக்கும் வேலையில்லை.

கோவைக்காய் வைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அதில் ஆண் கொடியே வேறு, பெண் கொடியே வேறு. விதை போட்டால் எது வரும் என்று தெரியாது. காய்க்கிற கொடியிலிருந்து தண்டை வெட்டி நட்டுவிடுங்கள்.

பிஞ்சு நிஜமாகவே அழுகினால்

மகரந்தம் சேராத பிஞ்சு சுருங்கும். பழ ஈ குத்திய பிஞ்சு அழுகும். இரண்டும் வேறு வேறு. காய் விரல் நீளத்துக்கு நன்றாக வளர்ந்து, திடீரென்று ஓரிடத்தில் கோணி, அந்த இடத்தில் ஊசி குத்தினது போல ஒரு புள்ளியும் அதன்மேல் பிசின் துளியும் இருந்தால் அது பழ ஈ. பெண் ஈ பிஞ்சின் தோலைத் துளைத்து உள்ளே முட்டையிடும். புழு உள்ளேயே தின்று வளரும். பிறகு மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகி மறுபடி ஈயாக வரும். பாகலுக்குத்தான் இதன் தொல்லை அதிகம்.

புழு காய்க்குள் இருக்கும்போது மருந்தடித்து அதைப் பிடிக்க முடியாது. அந்த மருந்து கொல்வது வந்த தேனீயைத்தான். நம்பகமான வழி, பிஞ்சு பிடித்துப் பூ வாடிய உடனே செய்தித்தாளால் கூம்பு செய்தோ பழைய மெல்லிய துணியாலோ காயை மூடிவிடுவது. அழுகிய காயை ஒரு நாளும் உரக்குழியில் போடக் கூடாது. பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி வெயிலில் கிடத்தினால் புழு வெந்துவிடும். பந்தலடி மண்ணை அவ்வப்போது கிளறிவிட்டால் கூட்டுப்புழு வெயிலிலும் கோழி, மைனா வாயிலும் போகும். வாசனையால் ஈயை இழுத்துப் பிடிக்கும் கியூ லூர் பொறி கடைகளில் கிடைக்கிறது, ஆனால் அதில் ஆண் ஈ மட்டுமே விழும். துளை போட்ட பாட்டிலில் கருவாட்டுத் துண்டைப் போட்டுத் தொங்கவிட்டால் பெண் ஈயும் வரும், தெருவில் உள்ள பூனைகளும் வரும்.

இளம் செடியின் இலையைச் சல்லடையாக்கும் சிவப்பு வண்டுக்கு, காலைப் பனி ஈரத்தோடு சாம்பலைத் தூவுவது போதும். கந்தகத்தூளை மட்டும் கொடிக்காய்களில் தூவிவிடாதீர்கள், இலை கருகிவிடும்.

முற்றத்து மரங்களிலும் இதே கதைதான்

கொடியில் இதைக் கற்றுக்கொண்டவர்களுக்கு மரங்களைப் பார்க்கும் கண்ணும் மாறிவிடும். பப்பாளி நட்டு ஆளுயரம் வளர்ந்து, நீளமான சரமாகப் பூ தொங்கி, காய் மட்டும் வரவில்லை என்றால் அது ஆண் மரம். பூக்கும் வரை ஆணா பெண்ணா என்று தெரியாது. ஆகவே இரண்டு மூன்று கன்று நட்டு, பூத்த பிறகு வேண்டாததை எடுப்பதுதான் முறை. கோ 7 போன்ற ரகங்களில் பெண் மரமும் இருபால் மரமும் மட்டுமே வரும், இந்தத் தலைவலி இல்லை.

பலா இன்னும் சுவாரசியம். "பிஞ்சு பிஞ்சா வந்துச்சு, எல்லாம் கருகிக் கொட்டிருச்சு" என்று சொல்வார்கள். கொட்டியதில் பெரும்பகுதி பிஞ்சே இல்லை. பலாவில் ஆண் கொத்து தனி, பெண் கொத்து தனி. இரண்டும் ஏறக்குறையப் பிஞ்சு போலத்தான் இருக்கும். ஆண் கொத்து மகரந்தத்தை உதிர்த்த பிறகு பூஞ்சணம் படர்ந்து, கறுத்து விழும். நிற்கப் போகும் பெண் கொத்தின் காம்பு தடிமனாக இருக்கும்.

தென்னம்பாளையைப் பிரித்துப் பார்த்தால் ஒவ்வொரு ஈர்க்கின் அடியிலும் குண்டுக் குரும்பையாகப் பெண் பூ, மேலே அரிசி அரிசியாக ஆண் பூ. நெட்டை மரங்களில் ஆண் பூ எல்லாம் கொட்டி முடிந்த பிறகுதான் அதே பாளையின் பெண் பூ தயாராகும். அதனால் மகரந்தம் பக்கத்து மரத்திலிருந்து வந்தாக வேண்டும். குரும்பையில் பாதிக்கு மேல் கொட்டுவது எந்த மரத்திலும் இயல்பு. மாம்பூங்கொத்தில் ஆயிரக்கணக்கில் பூ இருந்தாலும் நிற்பது ஒன்றிரண்டு காய்தான். அங்கே மகரந்தம் சுமப்பதில் தேனீயைவிட ஈக்களுக்குப் பங்கு அதிகம். வாழைக்கு இந்தப் பேச்சே கிடையாது. நாம் தின்னும் வாழை மகரந்தம் இல்லாமலே காய்க்கிறது, அதனால்தான் பழத்தில் விதையில்லை.

முருங்கைப் பூவில் ஆணும் பெண்ணும் சேர்ந்தே இருந்தாலும் வண்டு வராமல் சரியாகக் காய்க்காது. அதற்கு முக்கியமான விருந்தாளி தச்சன் தேனீ. கட்டைவிரல் பருமனில், கருநீலமாக, ரீங்காரத்தோடு வந்து மோதுமே, அதுதான். பந்தல் மூங்கிலில் வட்டமாகத் துளை போட்டுக் குடியிருப்பதும் அதுதான். மூங்கில் கெட்டுப்போகிறது என்று துளையை அடைக்கிறவர்கள் உண்டு. ஒரு மூங்கில் போனாலும் பரவாயில்லை, விட்டுவிடுங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

முற்றத்து மரங்களால் கொடிகளுக்கு ஆகும் பெரிய உதவியே இந்தப் பூச்சிகள்தான். உங்கள் சுரை பூப்பது மூன்று மாதம். தேனீ வருஷம் முழுக்கச் சாப்பிட வேண்டும். தென்னை எப்போதும் பாளை விட்டுக்கொண்டே இருக்கும். முருங்கை, எலுமிச்சை, வேம்பு, புங்கு எல்லாம் ஆளுக்கொரு பருவத்தில் பூக்கும். மாதுளை, எலுமிச்சைக் கிளையில் ஒற்றை அடையாகக் கூடு கட்டும் கொம்புத்தேனீயையும், பழைய சுவர் இடுக்கில் குடியிருக்கும் கொசுத்தேனீயையும் கலைக்காமல் விட்டால், காலையில் பூக்கும் கொடிகளுக்கு நீங்கள் பிரஷ் எடுக்கவே வேண்டாம். கொசுத்தேனீக்குக் கொடுக்கே கிடையாது, குழந்தைகள் இருக்கும் வீட்டிலும் பயமில்லை. இடமில்லாதவர்கள் ஒரே ஒரு மரம் வைக்கலாம் என்றால் நான் முருங்கையைச் சொல்வேன். பெரியகுளத்தில் உருவான பி.கே.எம் 1 ரகம் விதைத்து ஆறு மாதத்தில் காய்க்கும், அதன் தண்டிலேயே பாகலையும் ஏற்றிவிடலாம்.

விதைக்கு ஒரு காய்

கொடியில் நன்றாக வந்த காய் ஒன்றைப் பறிக்காமல் விதைக்கு விடுவது வழக்கம். ஒரே வகைக்குள்தான் கலப்பு நடக்கும். பரங்கி மகரந்தம் சுரையில் பட்டால் ஒன்றும் ஆகாது. ஆனால் பக்கத்தில் எங்காவது பேய்ச்சுரை படர்ந்திருந்தால், உங்கள் சுரை அதோடு கலந்துவிடும். இந்த வருஷக் காயின் ருசி மாறாது. அதன் விதையைப் போட்டு அடுத்த வருஷம் வரும் காய் கசக்கலாம். சுரைக்காய் கசந்தால் அதைச் சமைக்கவே கூடாது, சாறாகக் குடிக்கவே கூடாது. அந்தக் கசப்பு உயிருக்கே ஆபத்தானது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமே எச்சரித்திருக்கிறது. நறுக்கும்போது ஒரு சிறு துண்டை நாக்கில் வைத்துப் பார்த்து, கசந்தால் துப்பிவிட்டுக் காயைத் தூக்கிப் போடுங்கள்.

ஆகவே விதைக்காய்க்கு மட்டும் கொஞ்சம் மெனக்கெடுங்கள். மறுநாள் விரியப் போகும் பெண் மொட்டு ஒன்றையும் ஆண் மொட்டு இரண்டையும் முந்தின நாளே மெல்லிய துணியால் மூடிக் கட்டிவிடுங்கள். விரிந்ததும் அவிழ்த்து, கையால் தடவி, பெண் பூவை மறுபடி மூடிவிடுங்கள். ஒரே கொடியில் எடுப்பதைவிட, அதே ரகத்தின் இன்னொரு கொடியிலிருந்து ஆண் பூ எடுத்தால் விதை இன்னும் வலுவாக இருக்கும். நூல் கட்டிய அந்தக் காய் நகம் இறங்காத அளவுக்கு முற்றி, தோல் வெளுத்து, ஆட்டினால் உள்ளே விதை கலகலக்கும் வரை கொடியிலேயே கிடக்கட்டும். பிறகு உடைத்து விதையை எடுத்து, நிழலில் உலர்த்தி, சாம்பலில் புரட்டி, காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ரகத்தையும் தேதியையும் எழுதி ஒட்டிவையுங்கள். நன்றாகக் காய்ந்த சுரை விதை மூன்று நான்கு வருஷம் வரை முளைக்கும். ஒரு காயில் கிடைக்கும் விதை உங்கள் தெரு முழுக்கப் போதும்.